ஞானம்மாளின் மோதிர விரல்

திருத்தணி ரயிலடித் தெருவில் வீரபத்திரன் நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடிக்கு 1987ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. வீரபத்திரன் மலையிலிருந்து விபூதி வரவழைத்து அதற்குப் பூசை போட்டார். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். செருப்பைக் கீழேயே விட்டுவர வேண்டும் என்று மாடிப்படியில் எழுதி ஒட்டினார். வாசலில் புதுப் பலகை ஏறியது: 'கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் கற்றுத் தரப்படும். எந்த வயதினரும் சேரலாம்.'

அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவள் ஞானம்மாள். தனக்காகத்தான் சொன்னாள். நாற்பத்தேழு வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பையன்கள் சிரிப்பார்களே என்ற யோசனை. அந்த வரியே தன் சம்பந்தியை மாடிக்கு ஏற்றிவிடும் என்று அப்போது தெரிந்திருந்தால் பலகையைப் பாதியோடு நிறுத்தச் சொல்லியிருப்பாள்.

ஞானம்மாள் அந்த இன்ஸ்டிடியூட் தொடங்கிய நாள் முதல் கீழ்த்தளத்தில் டைப் கற்றுக்கொடுப்பவள். தாலுகா ஆபீசில் டைப் அடிப்பவர்களில் பாதிப் பேர் அவள் கையில் படித்தவர்கள். அவள் அடித்தால் மழை பிடித்துக்கொண்டது போல இருக்கும். கையைக் குனிந்து பார்ப்பதே இல்லை. அங்கிருந்த மெஷின்கள் எல்லாம் பழையவை. ஒன்று என்ற எண்ணுக்கு அவற்றில் தனிக் கீ கிடையாது. இரண்டிலிருந்துதான் வரிசை தொடங்கும். ஆங்கிலச் சின்ன எழுத்து 'எல்' பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், ஒன்று வேண்டுமானால் அதைத் தட்டவேண்டும். அது வலக்கை மோதிர விரலின் கீ. புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது, "மெஷின் செஞ்சவன் ரெண்டுலருந்து எண்ணக் கத்துகினவன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆனால் சிரிக்க வருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டிருந்தார்கள். வீரபத்திரன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மெட்ராசிலிருந்து சனி, ஞாயிறு ரயிலில் வந்து பாடம் நடத்தும் இளங்கோவன் ஆவணி வரைக்கும்தான் இருப்பான். அதற்குள் அவள் கற்றுத் தேர்ந்துவிட்டால் மாடி நாற்காலி அவளுக்கே. கீழே காலியான மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து கிழவியாவதா, மேலே போவதா என்பது அந்த நாற்காலியில் இருந்தது.

ஜெயம்மாள் சேர்ந்தது வைகாசியில். ஞானம்மாளின் மகள் மணியம்மைக்கு மாமியார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். மகனுக்கு இங்கே உத்தியோகம் என்பதால் மலையடிவாரத்தில் வீடு எடுத்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டவள். ஐம்பத்தொரு வயதில், பஸ்ஸுக்கு நின்றபோது பலகையைப் படித்தாளாம், நேரே படியேறிவிட்டாளாம்.

ஞானம்மாளுக்குச் சம்பந்தியைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. அதுதான் கஷ்டம். சண்டைக்காரியாக இருந்தால் சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். ஜெயம்மாள் எதைச் செய்தாலும் அது அவளுக்கு அமைந்துவிடும். ஒரே கடையில் எடுத்த சேலை அவள் உடம்பில் வேறு மாதிரி நிற்கும். பெற்ற மகளே வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்தால், எங்க அத்தை குழம்பு, எங்க அத்தை சொன்னாங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கீ போர்டு ஒன்றுதான் சம்பந்தி தொடாத இடமாக இருந்தது. இப்போது அதையும் தொட்டாள், ஒற்றை விரலால், ஊறுகாய் ஜாடியில் துண்டு தேடுகிறவள் போல.

பாடம் நடக்கும் முறை இதுதான். ப்ரோக்ராமை முதலில் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் 10, 20, 30 என்று ஓர் எண்ணோடு தொடங்க வேண்டும். இளங்கோவன் திருத்திக் கொடுப்பான். பிறகு முறை வரும்போது மெஷினில் உட்கார்ந்து அடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். தாளில் ஞானம்மாளை மிஞ்ச ஆளில்லை. ஒரு வாரத்துப் பாடத்தை இரண்டு நாளில் எழுதிவிடுவாள். மெஷினில் உட்கார்ந்தால் கதை மாறிவிடும். பத்தாம் வரியைத் தப்பு என்று தள்ளும். இருபதாம் வரியை வாங்கிக்கொள்ளும். நூறாம் வரியை மறுபடி தள்ளும். திரையில் பச்சை எழுத்துகள் தாளில் உள்ளபடியே தெரியும். இளங்கோவன் தாளையும் திரையையும் ஒத்துப் பார்ப்பான், தலையைச் சொறிவான், நகரச் சொல்லி அதே தாளைத் தானே அடிப்பான். உடனே ஓடும். "கொஞ்சம் நிதானமா அடிங்கம்மா" என்பான்.

அவளைப் பார்த்து நிதானமாக அடிக்கச் சொல்கிறான். நிதானமாக அடித்தாள். அப்போதும் தள்ளியது.

ஜெயம்மாள் உட்காருவாள். ஒவ்வொரு கீயாகத் தேடித் தேடி, நடுவில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஒரு வரி அடிப்பதற்குள் கீழே ஒரு பாசஞ்சர் வந்து போய்விடும். கடைசியில் ஓடும். மணியம்மை வந்து, "அத்தை போட்ட ப்ரோக்ராம் ஓடிச்சாமே? உங்களுது இன்னாச்சும்மா?" என்று கேட்டபோது, ஞானம்மாள் அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி எழுந்து போனாள். அன்று வீட்டில் பாலே வாங்கவில்லை.

தனக்கு மட்டும் மெஷின் பிடிக்கவில்லை என்று அவள் நம்பத் தொடங்கினாள். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடியும் மொட்டைத்தலைச் சந்தனமுமாக நெரிந்தபோது அவளும் மலையேறினாள். சம்பந்தியின் ப்ரோக்ராம் ஒருமுறையாவது நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். தன்னுடையது ஓடவேண்டும் என்று கேட்க மறந்துவிட்டது கீழே இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை பரீட்சை. பத்து மாணவர்களின் மார்க்கைக் கூட்டிச் சராசரி காட்ட வேண்டும். வீரபத்திரன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: டீச்சரம்மா ப்ரோக்ராம் ஓடினால் நாற்காலி டீச்சரம்மாவுக்கு, வாக்கு வாக்குதான். ஓடாவிட்டால் ஜெயம்மாளுக்கு.

ஜெயம்மாள் முதலில் அடித்தாள். ஓடியது. எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

ஞானம்மாள் உட்கார்ந்தாள். விரல்கள் மழையாகப் பெய்தன. பத்தாம் வரியைத் தப்பு என்றது. அழித்து மறுபடி அடித்தாள். தப்பு என்றது. மூன்றாவது முறை அடிக்கும்போது கை நடுங்கியது. வீரபத்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"சம்பந்தியம்மா, இந்த மெஷின்ல ஒன்னுக்குத் தனியா கீ இருக்குதுங்க. மேல் வரிசையில, மொதல்ல. நீங்க மோதிர விரல்ல எல் அடிச்சிகினு இருக்கீங்க."

ஞானம்மாள் முதல்முறையாகக் குனிந்து கீ போர்டைப் பார்த்தாள். இரண்டுக்கு இடப்பக்கம் ஒன்று இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. இடக்கைச் சுண்டுவிரலை அங்கே கொண்டுபோனாள். பத்தாம் வரியை வாங்கிக்கொண்டது. ஜெயம்மாள் அடித்ததில் கால்வாசி நேரத்தில் சராசரி திரையில் வந்து நின்றது.

வீரபத்திரன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். இளங்கோவன் குறுக்கிட்டான். நான்கு மாசமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த தன் கண்ணில் படாதது இந்தம்மா கண்ணில் பட்டதென்றால், கற்றுக்கொடுக்க ஏற்றவர் இவர்தான் என்றான். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று வீரபத்திரன் முழித்தார். கடைசியில் ஞானம்மாளைப் பார்த்து, "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சரம்மா" என்றார்.

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உட்கார்ந்துவிடலாம். ஆனால் உட்காரும் ஒவ்வொரு நாளும் அது சம்பந்தி கொடுத்த நாற்காலி. மகள் வந்து, அத்தைதானே விட்டுக்கொடுத்தாங்க என்பாள். சேலை, குழம்பு, ப்ரோக்ராம் எல்லாவற்றிலும் முன்னால் போனவள் பெருந்தன்மையிலும் முன்னால் போவதா?

"அவங்களே உக்காரட்டும்" என்றாள் ஞானம்மாள். "எனக்குக் கீழ வேலை இருக்குது."

அறையில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். வீரபத்திரன் கும்பிட்டே விட்டார். ஞானம்மாள் எழுந்து படியிறங்கினாள். ஜெயம்மாளும் பின்னாலேயே வந்தாள். செருப்பு கிடந்த இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

ஜெயம்மாள் செருப்பைக் காலால் தேடினாள். "கிருத்திகைக்கு முன்னாலயேங்க."

"சொல்லலையே."

"உங்க கை ஓடறதையே பாத்துகினு உக்காந்திருப்பேன். வயிறு எரியும். அது நிக்கறப்போ கொஞ்சம் ஆறும்." பிறகு அவளே, "இன்னிக்குக் கை நடுங்கிச்சு பாருங்க, அதைப் பாக்க முடியலை" என்றாள்.

ஞானம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடு வரைக்கும் அந்த இரண்டு சொல்லை, வயிறு எரியும் என்பதை, வாயில் கற்கண்டு போல ஒதுக்கி வைத்துக்கொண்டே நடந்தாள். நாற்காலி போன வலி அதனால் போய்விடவில்லை. துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

புரட்டாசியில் மாடியில் புது வகுப்பு தொடங்கியது. டைப் முடித்த பெண்கள்தான் அதிகமும் மேலே போனார்கள். போன ஒவ்வொருத்தியும் பத்தாம் வரியில் மாட்டிக்கொள்வதாகவும், ஜெயம்மாள் ஒவ்வொருத்தி விரலையும் பிடித்துத் திருத்தித் திருத்தி அலுத்துப்போவதாகவும் செய்தி கீழே வந்தது. மேலே ஒன்றுக்குத் தனிக் கீ உண்டு என்று டைப் வகுப்பின் முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவைக்கக் கூடாதா என்று வீரபத்திரன் கேட்டார். சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் கற்கவேண்டும், அதற்கு முதலில் டைப் என்றாள். கீகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, "மிஸ், ஒன்னு எங்க?" என்று கேட்டாள்.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஞானம்மாள் அந்தப் பெண்ணின் வலக்கை மோதிர விரலை எடுத்து எல் மேல் வைத்தாள்.

"இதான். நல்லாப் பழகிக்கோ" என்றாள்.