இரண்டாம் மாடியில் ஒரு ஸ்டூல்

“தலைமாட்டுல நான்தான் பிடிப்பேன்” என்று அடம்பிடித்தார் டோலோன். வயது எழுபத்திரண்டு. இறந்துபோன அண்ணனைத் தன் கையால் கீழே இறக்க வேண்டுமாம்.

“சித்தப்பா, நாலு மாடி” என்றாள் ஜிபார்.

“எனக்கு எண்ணத் தெரியும்டி.”

அவளுடைய தம்பிகள் மூவரும் அவருமாக, கம்பளத்தில் சுற்றிய அப்பா சோரோன்பாயைப் பலகையோடு தூக்கினார்கள். கீழே முற்றத்தில் கார்களை நகர்த்திவிட்டுக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். நாளை அடக்கம் செய்யும்வரை அவர் அதில்தான் இருப்பார். கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கில் அடுக்குமாடி வந்தும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. கூடாரம் நின்ற இடத்தில் முன்பு ஒரு பெஞ்சு இருந்தது. கார் நிறுத்த இடைஞ்சல் என்று அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

லிப்ட் இல்லாத கட்டடம். பெஞ்சு போன பிறகு அப்பா ஒரு சமையலறை ஸ்டூலைக் கொண்டுபோய் இரண்டாம் மாடித் திருப்பத்தில் போட்டார். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை அதில் உட்கார்வார். போகிற வருகிற எல்லாரையும் நலம் விசாரிப்பார்.

ஒருநாள் அந்த மாடியிலிருக்கும் கலிபா முற்றத்தில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள்: “ஏன்டி ஜிபார், உங்க வீட்டுல நாற்காலிக்குப் பஞ்சமா? பெத்த அப்பனைப் படிக்கட்டுல உக்கார வச்சிருக்க?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜிபாருக்கு மானம் போயிற்று. அன்று சாயங்காலமே ஸ்டூலை உள்ளே எடுத்து வந்துவிட்டாள். அதன் பிறகு அப்பா படியிறங்கவே இல்லை. “வெளியே போகலையாப்பா?” என்று கேட்டால், “குளிரா இருக்கும்மா” என்பார். அது ஜூன் மாதம்.

எட்டு மாதம் ஜன்னலோரமாகவே கழிந்தது. ஊர் வாய்க்குப் பயந்து அப்பாவை வீட்டுக்குள் பூட்டியது தான்தான் என்று, பலகையின் பின்னால் இறங்கும்போது ஜிபார் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் டோலோன் நின்றுவிட்டார்.

“நில்லுங்கடா. முட்டி விட்டுப்போச்சு.”

“இறக்கி வச்சிடலாமா?”

“தரையில வச்சீங்கன்னா தோலை உரிச்சிடுவேன். அது எங்க அண்ணன்டா!”

ஜிபார் திரும்பி மேலே ஓடினாள். சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே கிடந்தது அந்த ஸ்டூல். சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள். தலைமாட்டுக்கு அதைப் போட்டாள்.

“கால்மாட்டுக்கு?” என்றான் தம்பி.

கலிபாவின் கதவு திறந்தது. அவளே தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் கால்மாட்டில் போட்டாள்.

சோரோன்பாய் தன் வழக்கமான இடத்தில் சற்றுநேரம் இளைப்பாறினார். டோலோன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“வேடிக்கையாதான் சொன்னேன்டி அன்னிக்கு” என்றாள் கலிபா, மெதுவாக.

“தெரியும்க்கா. எடுத்தது நான்தானே.”

பிறகு பலகை மறுபடி எழுந்தது. கீழே கூடாரத்தில் பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஜிபாரும் அவர்களோடு உட்கார்ந்து, குரல் கம்மும்வரை அழுதாள்.

மாலையில் கம்பளி எடுக்க அவள் தனியாக மேலே ஏறினாள். இரண்டாம் மாடியில் ஸ்டூல் அப்படியே இருந்தது. யாரோ அதன்மேல் ஒரு சிறிய மெத்தை போட்டிருந்தார்கள்.

கலிபாவின் நாற்காலியைக் காணவில்லை. எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி ஜிபார் ஏறினாள்.

அது மூன்றாம் மாடித் திருப்பத்தில் இருந்தது. யாரும் எடுத்துப் போய்விடாதபடி, துணி காயப்போடும் கயிற்றால் அதன் காலைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மூன்று முடிச்சு.