கந்தளாய் எருமை வழக்கு

கந்தளாயில் ஓர் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அடுத்தவரின் வெள்ளாமையை மேய்ந்ததாக வழக்கு எதுவும் நடக்கவில்லை. அதை உண்டாக்கியவன் அன்ஸார். தன்னிடம் சட்டம் படிக்கும் இளைய மாணவருக்குக் கவனயீனத்தால் வரும் பொறுப்பை விளக்க அவசரத்துக்கு உண்மையான வழக்கு கையில் அகப்படவில்லை. ஆகவே எருமைக்கு ஒரு சொந்தக்காரரைப் பிடித்து, "ஸைனுலாப்தீன் எதிர் பாக்கியரத்தினம், 1974" என்று குறிப்பில் எழுதினான். பிறகு மாற்றுவதாக எண்ணம். மாற்றாமலே வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டான். அது நினைவுக்கு வந்தபோது அவர்களுடைய பரீட்சை தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

மற்றவர்கள் எப்படியோ தப்பிவிடுவார்கள். குச்சவெளியிலிருந்து வரும் பஹ்மியாவுக்கு இது கடைசிச் சந்தர்ப்பம். இம்முறையும் இந்தப் பாடத்தில் தவறினால் பட்டப்படிப்பிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். அவளோ அன்ஸாரின் குறிப்பை ஒரு காற்புள்ளியும் விடாமல் பாடமாக்குகிறவள்.

பன்னிரண்டரைக்குப் பரீட்சை மண்டபத்திலிருந்து முதலில் வெளியே வந்தவன் சிந்துஜன்.

"அந்த எருமை வழக்கு பொய். ஆரும் எழுதினதா?" வாசலில் காத்திருந்த அன்ஸார் கேட்டான்.

"எழுதினது எண்டு எதைச் சொல்லுறீங்கள் எண்டதைப் பொறுத்தது அண்ணை."

பின்னால் வந்த கீர்த்தனி, "ஒரு பக்கம் பார்த்தால் பிரச்சினை. மற்றப் பக்கம் பார்த்தால் அவ்வளவு இல்லை" என்றாள்.

யாரை நோவது? "ஓம், இல்லை எண்டு தொடங்காதீங்க. ரெண்டு பக்கமும் எழுதுங்க" என்று போட்டோகொப்பிக் கடை மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் தொண்டை கிழியக் கத்தியவன் அன்ஸார்தான். பிள்ளைகள் நன்றாகத்தான் படித்திருந்தார்கள்.

பஹ்மியா கடைசியாக வந்தாள். அன்ஸார் பஸ் நிலையம் வரை கூடவே நடந்தான். மூன்று பந்தியில் ஒரு மன்னிப்பைத் தயாரித்து வைத்திருந்தான். துறைமுகப் பக்கத்துக் காற்றில் முதல் பந்தியே மறந்துபோனது. எருமை தன் கற்பனை என்பதை மட்டும் சொல்லி, அதை எழுதினாளா என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும், அண்ணன் முறை வைத்து, "பரவாயில்லை, நானா" என்றாள்.

குச்சவெளி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ரெண்டு பக்கமும் வேணாம் பஹ்மியா. எழுதினீங்களா?"

அவள் படியில் வைத்த காலை எடுத்தாள்.

"ஓம். மூண்டாம் கேள்வியில எழுதினனான். வருசமும் போட்டனான். அந்தக் கேள்வி போச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் செஞ்சனான். எண்டாலும் பாஸ் வருமோ தெரியா. வராட்டி அது உங்கட பிழைதான்."

ஒருத்தியாவது நேராகப் பதில் சொன்னது அன்ஸாருக்கு ஆறுதலாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப நான் இனிப் படிப்பிக்கிறதா, விடுறதா?"

"படிப்பிக்கோணும்" என்றாள். "அடுத்த கிழமை ஒப்பந்தச் சட்டப் பரீட்சை இருக்கு. சனிக்கிழமை வருவன். ஒவ்வொரு வழக்குக்கும் எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் எண்டு போட்டுத் தாங்க. போடாட்டிப் படிக்கமாட்டன்."