ஏழு மூட்டை மரத்தூள்

தச்சருக்குக் கைவேலை சுத்தம். வாய்ப்பேச்சு அதைவிடச் சுத்தம். "நாளைக்குக் கட்டாயம்" என்று அவர் சொல்லும் அழகில் எவரும் மயங்கிவிடுவார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டு தடவை ஏமாந்ததும் சுதாரித்துக்கொண்டார்கள். சுதாரிக்காமல் வருடக்கணக்காக நம்பியது அவர் மனைவி ஒருத்திதான்.

அவள் கேட்டது நகையா, நட்டா? வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருந்தாள்: தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை. அவற்றுக்குத் தீனி போட மூலையில் ஓர் உரக்குழி. காய்த்தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எல்லாம் அதற்குள் போகும். ஈரக்குப்பையை மட்டும் கொட்டினால் குழி நாறிவிடும், காய்ந்ததும் கூடவே விழவேண்டும். "பட்டறையில கூட்டித் தள்ளுற மரத்தூள்ல ஒரு மூட்டை கொண்டாங்களேன்" என்பாள். பட்டறையில் அது முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வண்டியும் தினம் வெறுமனேதான் வீட்டுக்கு வந்தது. "நாளைக்குக் கட்டாயம்" என்பார் தச்சர். "எம் பொண்டாட்டிக்கு மரத்தூளை விட்டா வேற பேச்சே கிடையாது" என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்.

காத்திருந்து அலுத்தவள், தூள் வரும்வரைக்கும் ஆகட்டும் என்று சாக்கை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சருகு பொறுக்கப் போனாள். குனிந்து அள்ளுவாள், தலையில் தூக்கிவருவாள். பன்னிரண்டு வருடத்தில் மண் கறுத்துப் பொலபொலவென்று ஆனது. ஒரு கை அள்ளினால் பத்து மண்புழு நெளியும்.

அவள் முழங்காலும் தேய்ந்துபோனது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் மகள் வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. வயசானால் வருவதுதான் என்றார் டாக்டர். தச்சர் மனம் அதை ஏற்கவில்லை. அந்தச் சருகு மூட்டைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து நின்றன.

"தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். மனுஷனுக்குச் சும்மா இருக்க முடிந்தால்தானே! ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மூட்டை மரத்தூளைக் கொண்டுவந்து இறக்கினார். பாதியைக் குழியில் கொட்டிக் கிளறினார். மீதியை நாலு பாத்தியிலும் செடிகளைச் சுற்றி மண்வெட்டியால் கொத்திக் கலந்தார். இடுப்பு ஒடிந்தாலும் மனம் குளிர்ந்தது. "நீ வந்து பாரு, அசந்துபோவே" என்று போனில் சொன்னார். என்ன என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாயின. வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். அவள் திரும்பி வந்த அன்று தக்காளி கருகி நின்றது, கத்தரி தலை தொங்கிவிட்டது.

ஊன்றுகோலுடன் வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பின்பக்கம் போனாள். குழியிலிருந்து ஒரு கை எடுத்துத் தரச் சொன்னாள். விரலால் பிரித்துப் பார்த்தாள். ஒரு புழு இல்லை. முகர்ந்தாள்.

"எந்தத் தூளுங்க இது?"

"பட்டறைத் தூள்தாம்மா. நீ கேட்டதுதானே!"

"இப்பல்லாம் கரையான் மருந்து போட்ட பலகைதானே அறுக்கிறீங்க?"

தச்சர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்தார். "எனக்கு ஒரு வாடையும் தெரியலையே."

"அதுலயே கிடக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியும். அந்தப் பலகை வந்த வாரமே சட்டையில மருந்து நெடி அடிச்சுது. அன்னிக்கே உங்ககிட்ட தூள் கேக்கிறதை நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா? எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

தச்சருக்குச் சுருக்கென்றது. அந்த இரண்டு வருடமும் அவள் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்கூடப் பட்டறையில் அதைச் சொல்லிச் சிரித்திருந்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை. அவளோ குனிய முடியாமல் நின்று பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்துவிட்டது.

"சரி பண்ணிடலாம்மா" என்றார்.

"எல்லாத்தையும் ஒரு முழம் ஆழத்துக்கு வாரி வெளிய போடணும். மறுபடி சருகுலேர்ந்து ஆரம்பிக்கணும். பன்னெண்டு வருஷ மண்ணுங்க அது."

"நான் பொறுக்கிட்டு வரேன்."

"நாளைக்கா?" என்று கேட்டாள். அதில் குத்தல் இல்லை. வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அவர் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போனவர் திரும்பி வந்தார். எந்தத் தெருவில் சருகு கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

"மூணாவது தெரு, பச்சை கேட் வீடு. கூட்டி எனக்காக ஒதுக்கி வச்சிருப்பாங்க. என் பேரைச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். அந்த வீட்டு அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? இத்தனை வருஷமா தனியாவே தூக்கிட்டுப் போவாங்க. நீங்க வெளியூர்ல வேலை பாக்கிறதா நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம்."

தச்சர் சாக்கை விரித்துப் பிடித்தார். எத்தனை தடவை குனிந்து அள்ளியும் அது நிறையவே இல்லை.