ஒரு கிணறும் ஒரு வினைமுற்றும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழையைக் கண்டுபிடித்தவள் கிருபா. பெயர் வாங்கப் பார்ப்பவன் நான்.

இந்த 1996இல் எங்கள் ஊருக்கு நூறு வயதாம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், நெல்லும் வாழையுமாகக் கிடக்கும் சின்ன ஊர். நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுத என்னைப் பிடித்துப் போட்டார்கள். முதல் வரிக்குத் திணறினேன்.

பச்சைப்பசேலென்ற வயல்கள் சூழ… (எல்லா ஊர் மலரும் இப்படித்தான் தொடங்கும்.)

முன்னொரு காலத்தில் இங்கே வெறும் முள்ளுக்காடு… (நான் பார்த்தேனா?)

பண்ணையார் திருவேங்கடம் கிணறு வெட்டினார், ஊர் பிறந்தது.

இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

2

கிருபா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவதால் ஒன்றைக்கூடச் சும்மா தாண்டமாட்டாள். (இவளை இன்னும் கொஞ்சம் அடக்கமானவளாக எழுதலாமா?*)

"ஏனுங்க, பண்ணையாரா கடப்பாரை புடிச்சாருங்க?"

"எழுதறது அப்படித்தானுங்க அம்மணி."

"வெட்டுனது எங்க தாத்தாவோட ஆத்தா மயிலாத்தாளும் அவிய சனமும். அந்தப் பேரு ஒரு வரியில வந்தாப் போதுமுங்க."

நான் பெரிய மனதுடன் 'வெட்டுவித்தார்' என்று திருத்திக் கொடுத்தேன். அவள் தாளை வாங்கவே இல்லை.

"வினைமுற்று சரியாத்தானுங்க இருந்துச்சு. எழுவாய்தான் தப்பு. வாங்க, காட்டறேன்."

* இதையும் நான்தானுங்க கோக்கறேன். - கிருபா

3

இந்தக் கோடையில் கிணறு வறண்டுவிட்டது. எண்பதடி இறங்கினோம். கருங்கல்லில் ஒரு சாண் இடம் விடாமல் உளித்தழும்பு. அடியில் துருத்திய பாறையின் விளிம்பில், விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள்.

"தூரி கட்ட அடிச்ச ஓட்டைங்க. எங்க தாத்தா கைக்கொழந்தையா இதுலதான் தூங்குனாராம். ஆத்தா பக்கத்துல கல்லொடச்சுட்டு இருந்துச்சு."

துளைக்குள் விரலை விட்டேன். கயிறு உராய்ந்து உள்பக்கம் வழுவழுவென்றிருந்தது. எத்தனை மாதம் தொட்டிலை ஆட்டினால் கருங்கல் இப்படித் தேயும்? அண்ணாந்தால் கரையில் நின்ற தென்னை விரல் உயரம்தான் தெரிந்தது. ஐம்பது வருடமாக இந்தத் தண்ணீரைக் குடித்தவன் நான். துளைகளைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஏறி வந்ததும் எழுதினேன்: மயிலாத்தாள் கிணறு வெட்டினாள், ஊர் பிறந்தது.

4

மலர்க்குழுத் தலைவர் சீனிவாசலு, பண்ணையாரின் பேரன். அந்த வரியைப் படித்தார்.

"தாத்தா பேரு இல்லீன்னா மலரே வேண்டாமுங்க."

"அப்ப வேண்டாமுங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது என்று இன்னும் நம்பமுடியவில்லை. மலர் நின்றது. அதனால்தான் வரலாறாக வரவேண்டியது உங்கள் கைக்குக் கதையாக வந்திருக்கிறது.

மலர் போனதற்குக் கிருபா அழவில்லை. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"பண்ணையாருக்கு 'னார்', எங்க ஆத்தாளுக்கு மட்டும் 'னாள்'ங்களா?"

இந்த ஊரில் நூறு வருடமாக யாரும் மயிலாத்தாளுக்கு 'ர்' போட்டதில்லை. 'ள்' என்றால் அது பெற்ற தாயை அழைக்கிற உரிமை என்றும் சொல்லலாம். கிருபா கடைசி வரியைக் கோத்துக்கொண்டிருக்கிறாள். 'ர்', 'ள்' இரண்டு எழுத்தையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கிறாள். கடைசி எழுத்தை நீங்களே சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள்.

மயிலாத்தாள் கிணறு வெட்டினா