அடுத்த கொட்டில் கோப்பி

நமசிவாயம் மாஸ்டரின் வாயிலிருந்து "நல்லது" என்ற சொல் வெளியே வந்ததைக் கண்டவர் இணுவிலில் ஒருவரும் இல்லை. கணக்கைப் பிழையில்லாமல் செய்து கொண்டுவரும் பிள்ளைக்கு "சரி, இரு" என்பார். கந்தசுவாமி கோயில் திருவிழாவில் ஊரே தலையாட்டிக் கேட்ட நாதஸ்வரத்துக்கு அவர் ஒரு விரலை மட்டும் ஆட்டினார். அதுவும் ஈ கலைப்பதற்காக என்று பிறகு தெரிய வந்தது.

அவர் மனைவி ஞானாம்பிகை பதினொரு வருஷமாக விடியற்காலையில் கோப்பி வைத்துக் கொடுத்தாள். பதினொரு வருஷமாக அவர் குடித்துவிட்டு மூக்குப்பேணியைக் கவிழ்த்து வைத்து, "காணும்" என்றார். காணும் என்றால் இனி வேண்டாம் என்று அர்த்தம். ஞானாம்பிகை அதையே புகழ்ச்சியென்று எடுத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாள். உலகத்திலுள்ள கணவன்மார் எல்லாரும் இப்படித்தான் என்று நம்பிவிட்டால் ஒரு பெண்ணுக்குக் கவலை ஏது?

அந்த நம்பிக்கை தொண்டைமானாற்றங்கரையில் போயிற்று.

செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழாவின் கடைசி நாட்களுக்கென்று இருவரும் மாட்டுக் கரத்தை பிடித்து வந்து, ஆற்றங்கரையில் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. வரிசையாகக் கொட்டில்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கிடுகு மறைப்பு. அந்த மறைப்பு ஆட்களை மறைக்கும். பேச்சை மறைக்காது. வாசனையை மறைக்கவே மறைக்காது.

வந்து இறங்கிய உடனேயே ஞானாம்பிகை மூன்று கல்லை வைத்துப் பன்னாடையைச் செருகி நெருப்பு மூட்டினாள். சோளகக் காற்று அதை ஊதி அணைத்தது. மறுபடியும் மூட்டினாள். இந்த முறை காற்று அணைத்ததோடு நில்லாமல் ஒரு பிடி மணலையும் அள்ளிக் கேத்திலுக்குள் போட்டது. அவள் குனிந்து ஊதிக்கொண்டிருக்க, மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆர் உது, இணுவில் மாஸ்டரோ? வழிப்புழுதி முழுக்கத் தொண்டைக்குள்ளை இருக்குமே! வாங்கோ, ஒரு வாய் கோப்பி குடிச்சிட்டுப் போங்கோ."

குரல் சுன்னாகத்துக் குணலட்சுமியின் குரல். ஒருகாலத்தில் நமசிவாயத்துக்குப் பேசின பெண். சாதகம் பொருந்தவில்லை என்று இரண்டு வீட்டாரும் மரியாதையாகப் பிரிந்து, அவளை மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்த பஞ்சலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த விவரம் ஞானாம்பிகைக்குத் தெரியும். கலியாணமான முதல் கிழமையே, அவள் கேட்காமலே, நாலு பேர் வந்து தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாஸ்டர் போனார். பேணியில் கோப்பி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு மிடறு. பிறகு இன்னொரு மிடறு. பிறகு மாஸ்டரின் குரல்:

"நல்ல கோப்பி."

ஞானாம்பிகை ஊதுவதை நிற்பாட்டினாள். கண்ணுக்குள் சாம்பல் போனது. அது நல்லதாய்ப் போயிற்று. கண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இஞ்சாரும், உமக்கும் ஒரு வாய் வேணுமோ எண்டு அவ கேக்கிறா."

"எனக்குக் காணும்," என்றாள் ஞானாம்பிகை.

அவள் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். கழுத்துக்கு அட்டியல் கேட்கப்போவதில்லை. கொழும்புப் புடைவையும் கேட்கப்போவதில்லை. இந்த மனிதன் வாயிலிருந்து அந்தச் சொல் தன்னுடைய கோப்பிக்கு வரவேணும். அதை வாங்காமல் இணுவிலுக்குக் கரத்தை ஏறுவதில்லை.

முதலில் உளவு பார்த்தாள். கிடுகு இடுக்கினூடாகப் பார்த்தபோது குணலட்சுமியின் வித்தை விளங்கியது. அவள் மணலில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, காற்றுப் போகாதபடி அதற்குள்ளே காய்ந்த கொக்கரை விறகைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர், சுன்னாகத்திலிருந்து குடத்தில் வந்த தண்ணீர். இங்கே கரையோரத்துக் கிணறுகளில் அள்ளுகிற தண்ணீரில் கோப்பி வைத்தால் கோப்பிக்கு உப்புப் போடுகிற செலவு மிச்சம்.

மறுநாள் விடியமுன்னம் ஞானாம்பிகை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வல்வெட்டித்துறை றோட்டால் நடந்து, விசாரித்து விசாரித்து, ஒரு நல்ல தண்ணிக் கிணற்றைக் கண்டுபிடித்து நிறைத்துக்கொண்டு வந்தாள். குழி தோண்டினாள். வீட்டில் தன் கையால் வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்த்து இடித்த தூளை, தண்ணீர் துள்ளுகிற நேரம் பார்த்துப் போட்டாள். நுரை பொங்கி எழுந்ததும் கேத்திலை இறக்கி, மேலே ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்தாள். மண்டி அப்படியே அடியில் போய்ப் படுத்தது. மேலே தெளிந்து நின்ற கோப்பியில் அவள் முகமே தெரிந்தது. ஒரு துண்டு பனங்கட்டியோடு கொண்டுபோய் வைத்தாள்.

மாஸ்டர் பனங்கட்டியைக் கடித்தார். குடித்தார். பேணியைக் கவிழ்த்தார்.

"எப்பிடி?"

"என்ன எப்பிடி?"

"கோப்பி."

"காணும்," என்றார் மாஸ்டர். பிறகு கால் கழுவப் போகிறேன் என்று புறப்பட்டார். ஆறு கிழக்கே இருந்தது. அவர் மேற்கே போனார். மேற்கே அடுத்த கொட்டில். கொஞ்ச நேரத்தில் மறைப்பைத் தாண்டி, "நல்ல கோப்பி" என்று வந்தது.

அன்றைக்கு ஞானாம்பிகை கோயிலுக்குப் போய் முருகனுக்கு முன்னால் நின்று குணலட்சுமியைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எதைக் கேட்டுவிடுவோமோ என்று பயமாயிருந்தது. சாதகத்தில் பொருந்தாத ஆட்கள் நாக்கில் இப்படிப் பொருந்தலாமா, இதைப் பார்க்கத் தெரியாத சாத்திரி என்ன சாத்திரி என்று மட்டும் யோசித்தாள்.

பின்னேரம் குணலட்சுமியே வந்தாள். கையில் அவளுடைய கேத்திலும், தூள் போட்ட ஒரு மலாயா பிஸ்கற் ரின்னும்.

"தங்கச்சி, நாளைக்கு விடியக் கோயில் வீதியிலை விழுந்து கும்பிட்டு அடியழிக்கப் போறன். மகனுக்குக் காய்ச்சல் மாறினதுக்கு நேத்தி. என்ரை மனிசன் கோப்பி இல்லாட்டிக் கண்ணே முழிக்க மாட்டார். உங்களுக்கு வைக்கேக்கை அவருக்கும் சேர்த்து ஒருக்கால் வைச்சுக் குடுக்கிறீங்களே?"

"அதுக்கென்ன அக்கா, வைச்சுத் தாறன். எங்கடை இவருக்கும் உங்கடை தூள்தானே பிடிக்கும்," என்றாள் ஞானாம்பிகை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

விடிந்தது. ஒரே குழி, ஒரே நெருப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர். இரண்டு கேத்தில்களையும் அருகருகே வைத்தாள். பிஸ்கற் ரின்னைத் திறந்து குணலட்சுமியின் தூளைத் தன்னுடைய கேத்திலுக்குள் போட்டாள். தன்னுடைய தூளைக் குணலட்சுமியின் கேத்திலுக்குள் போட்டாள். குணலட்சுமியின் கேத்தில் அடுத்த கொட்டிலுக்குப் போயிற்று.

ஆற்றில் முழுகித் திருநீறு பூசி வந்த மாஸ்டருக்கு முன்னால் தன் கேத்திலைச் சரித்தாள். இதற்கு மட்டும் "நல்ல கோப்பி" என்று சொல்லட்டும், இந்தக் கேத்திலோடேயே ஆற்றுக்குள் இறங்குகிறேன் என்று நின்றாள்.

மாஸ்டர் குடித்தார். "காணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பஞ்சலிங்கம் மறைப்புக்கு அப்பால் நின்று, "மாஸ்டர், வாருங்கோ, கோப்பி ஆறுது!" என்று கூப்பிட்டார். மாஸ்டர் போனார். ஞானாம்பிகை கிடுகோடு காதை ஒட்டினாள்.

ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

"நல்ல கோப்பி," என்றார் மாஸ்டர். "உங்கடை வீட்டுக்காரியின்ரை கைக்கு ஒரு தனிப்பதம் இருக்கு. உது எல்லாருக்கும் வராது."

ஞானாம்பிகையின் சிரிப்புப் பாதியில் நின்றது. அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் வறுத்த தூளுக்கு, அவள் இறக்கின பதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் விலாசம் மாறிக் குணலட்சுமி வீட்டுக்குப் போய்விட்டது. இதுவரை அவளுக்கு அடுத்த வீட்டுக் கோப்பியில்தான் பொறாமை. இப்போது தன்னுடைய கோப்பியிலேயே பொறாமை வந்தது. மறைப்பைத் தாண்டி அங்கே போனதும் அதற்கு எவ்வளவு மரியாதை!

"என்ரை வீட்டுக்காரியோ?" பஞ்சலிங்கம் உரக்கச் சிரித்தார். "அவ அங்கை வீதியிலை விழுந்து விழுந்து எழும்பிறா. இது உங்கடை மனிசி வைச்ச கோப்பி, மாஸ்டர்! தன்ரை தூளைப் போட்டிருக்கிறா போலை. என்ரை மனிசியின்ரை தூள் எனக்குத் தெரியாதோ?"

கிடுகு இடுக்கில் ஞானாம்பிகைக்கு ஒரு கண் அளவுக்கு மாஸ்டரின் முகம் தெரிந்தது. அவர் பேணிக்குள்ளே பார்த்தார். கரும்பலகையில் தானே போட்ட கணக்குப் பிழைத்ததைப் பிள்ளைகள் கண்டுவிட்டால் ஒரு வாத்தியார் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"வேர்க்கொம்பு கொஞ்சம் கூட," என்றார்.

"ஐயோ மாஸ்டர், குடுத்த புள்ளியை வெட்டுறியளே! பாவமில்லையோ?" என்ற பஞ்சலிங்கம், மறைப்புப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "தங்கச்சி! மலாயாவிலை நான் குடிக்காத கோப்பிக்கடை இல்லை. உப்பிடி ஒரு கோப்பி குடிக்கேல்லை. தீர்த்தம் முடியுமட்டும் எனக்கு விடியக் கோப்பி உங்கைதான், சொல்லிப்போட்டன்!"

திரும்பி வந்த மாஸ்டரின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தாள் என்னத்துக்கு உப்பிடிக் கத்துறார்?"

"கோப்பி நல்லாயிருக்குதாம்."

"மலாயாக்காரருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "உம்மை ஏன் தங்கச்சி எண்டு கூப்பிடுறார்? அவர் எங்களுக்கு என்ன முறை?" என்றார். பிறகு எங்கேயோ போய் இரண்டு கிடுகு வாங்கி வந்து, மறைப்பில் இடுக்கு இருந்த இடமெல்லாம் வரிந்து கட்டினார்.

"காத்து வருது," என்றார், கேட்காமலே.

அன்றைக்குக் காற்று மற்றப் பக்கத்தால் அடித்துக்கொண்டிருந்தது. ஞானாம்பிகை அதைச் சொல்லவில்லை. பதினொரு வருஷத்தில் முதற்தடவையாக அவளுக்கு அந்த மனிதனைப் பார்க்க ருசியாயிருந்தது.

அடுத்தநாள் கேத்தில் நுரை கட்டமுன்னமே மாஸ்டர் அடுப்புக்கு முன்னால் வந்து குந்திவிட்டார். குந்திக்கொண்டு கேத்திலுக்குக் காவல் இருந்தார். ஞானாம்பிகை இறக்கினாள், தண்ணீர் தெளித்தாள், மண்டி அடங்கும்வரை பொறுத்தாள். அவர் பேணியை நீட்டினார். அவள் ஊற்றவில்லை. அடுத்த கொட்டிலில் பஞ்சலிங்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தங்கச்சி, நான் வரட்டோ?"

ஞானாம்பிகை கேத்திலைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"எங்கை போறீர்?" என்றார் மாஸ்டர்.

"அண்ணைக்குக் குடுக்க."

"அவற்றை வீட்டிலை கோப்பி இல்லையோ?"

"இருக்கு. இது நல்லாயிருக்கெண்டு சொல்லுறார். சொல்லுற ஆளுக்குத்தானே குடுக்கோணும்."

"கோப்பியெண்டால் கோப்பி. அதுக்கு வாயாலை என்னத்தைச் சொல்லுறது?"

"சுன்னாகத்துக் கோப்பிக்குச் சொன்னனீங்கள்."

"அது பிறத்தியார் வீடு. மரியாதைக்குச் சொன்னது."

"அப்ப என்னையும் பிறத்தி எண்டு நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ."

மாஸ்டர் கேத்திலைப் பார்த்தார். மறைப்பைப் பார்த்தார். மறைப்பின் மேலே பஞ்சலிங்கத்தின் தலைமயிர் தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் முகமும் தெரிந்துவிடும்.

"நல்ல..." என்றார்.

"கேக்கேல்லை."

"நல்ல கோப்பி."

"ஆருக்குச் சொல்லுறீங்கள்? கேத்திலுக்கோ?"

மாஸ்டர் எழும்பினார். வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்து கதைக்கிற பிள்ளையை எழுப்புகிற குரல் ஒன்று அவரிடம் இருந்தது. வேறு குரலில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாதபடியால் அந்தக் குரலிலேயே சொன்னார்:

"என்ரை மனிசி வைக்கிற கோப்பி நல்ல கோப்பி!"

ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானாம்பிகை கேத்திலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், சூடு உறைக்கவில்லை. அடுத்த கொட்டிலில், அடியழித்து வீங்கிய முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருந்த குணலட்சுமி, "இஞ்சாருங்கோ, எங்கை பேணியோடை போறீங்கள்? நான் இஞ்சை வைச்ச கோப்பி ஆருக்கு?" என்று தன் மனிசனைக் கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த காரத்தை ஞானாம்பிகை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று நாளாகத் தானே இடித்து வைத்திருந்த சரக்கு அது.

பஞ்சலிங்கம் வந்துவிட்டார். அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்படி ஒரு குரலில், அதுவும் நமசிவாயம் மாஸ்டரின் வாயால், ஒரு கோப்பியைப் புகழ்ந்தால் சனம் சும்மா இருக்குமா? அவர்களைக் கொண்டுவந்து விட்ட கரத்தைக்காரச் சிவக்கொழுந்து ஒரு சிரட்டையோடு வந்தார். மூன்றாம் கொட்டிலில் இருந்த கரவெட்டிக்காரர் மருமக்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். காவடி எடுக்கிற ஒருவர் வந்து, தான் விரதம் என்றும், ஆனாலும் கோப்பி குடிக்கலாம் என்றும் சொன்னார்.

"மாஸ்டரே சொல்லிப்போட்டார்! வாருங்கோ, வாருங்கோ!" என்று பஞ்சலிங்கம் ஆட்களை வரிசைப்படுத்தினார். ஞானாம்பிகை ஊற்றினாள். குடித்தவன் ஒவ்வொருவனும் "நல்ல கோப்பி" என்றான். அவளுக்குக் கை ஓயவில்லை.

நமசிவாயம் மாஸ்டர் தமது வெறும் மூக்குப்பேணியோடு பஞ்சலிங்கத்துக்குப் பின்னால் நின்றார். கேத்தில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு சரிகிறது என்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.