மேஜைக்கடியில் ஒன்றுமில்லை

ஜகதாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சுப்பு கழுத்துல தாலி ஏறறதை ஒரு தரம் பாத்துடணும் அண்ணா. அப்புறம் நான் பாட்டுக்கு சமையலுள்ள இருந்துக்கறேன்."

வேறொரு அண்ணனாக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பான், அல்லது கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான். சீதாராமன் இரண்டும் செய்யவில்லை. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருக்கு உற்சாகம் வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது உடையும் என்பது மனைவி சாவித்ரிக்குத் தெரியும்.

கல்கத்தா இன்னும் தலைநகரமாக இருந்த கடைசி வருஷங்கள் அவை. காளிகாட்டில் கோயிலுக்குப் போகும் சந்து ஒன்றில் வாடகை வீடு. சீதாராமன் சர்க்கார் தணிக்கை ஆபீஸில் குமாஸ்தா. அது வயிற்றுக்கு. மனசுக்கு சயன்ஸ். எங்கே இலவசப் பிரசங்கம் நடந்தாலும் முன்வரிசையில் உட்காருவார். மறுநாள் அதை ஆபீஸில் திருப்பிச் சொல்லுவார். அவருக்கு எதிர்நாற்காலிக்காரர் காது கேளாதவர் மாதிரி நடிக்கப் பழகியிருந்தார்.

ஜகதாம்பாள் அவருடைய தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவனை இழந்தவள். சாவித்ரி பிரசவத்துக்குப் பிறகு எழுந்திருக்க முடியாமல் படுத்தபோது கைக்குழந்தை சுப்புலக்ஷ்மியைப் பார்த்துக்கொள்ள வந்தாள்; அப்படியே தங்கிவிட்டாள். குழந்தை முதலில் பேசிய சொல் 'அத்தை'. இப்போது அந்தக் குழந்தைக்குக் கல்யாணம். முகூர்த்த வேளையில் நார்மடிப் புடவையும் முக்காடுமாக ஒருத்தி கூடத்தில் தென்படக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாத சங்கதி அது.

"பொருள்னா என்ன?" என்று ஆரம்பித்தார் சீதாராமன். "அதுமேல பட்ட வெளிச்சம் திரும்பி வந்து நம்ம கண்ணுல விழறது. அந்த வெளிச்சத்தை வரவிடாம தடுத்து, பக்கத்துல இருக்கிற வேற ஒண்ணோட வெளிச்சத்தை அந்த இடத்துக்கு அனுப்பிட்டா, பொருள் இல்லே! நீ அங்கேயே உக்காந்திருப்பே. ஆனா இல்லே."

"அதுக்கு சயன்ஸ் எதுக்கு அண்ணா? ஆத்துக்கு யாராவது வந்தா நான் சமையலுள்ள போயிடறேன். வெளிச்சம் கிளிச்சம் ஒண்ணும் தடுக்காமலேயே ஆயிண்டிருக்கு."

சீதாராமன் சிரித்தார். தங்கைக்கு நல்ல வாய் என்று அன்று மாலை சாவித்ரியிடம் சொல்லிக்கூடச் சிரித்தார். பின்னால் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல் சுடும்.

மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரன் கூடாரம் போட்டு, மேஜைமேல் தலையை மட்டும் வைத்துப் பேச வைத்த வித்தையை அவர் பார்த்திருந்தார். மேஜைக்கடியில் இரண்டு நிலைக்கண்ணாடிகள். கூர்முனை நம் பக்கம் பார்க்க, கோழி மூக்கு மாதிரி சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் பக்கத்துச் சுவரை நமக்குக் காட்டும். நாம் அதைப் பின்சுவர் என்று நினைத்துக்கொள்வோம். அவ்வளவுதான். சுவர் மூன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். பக்கவாட்டில் யாரும் நடக்கக்கூடாது.

பௌபஜாரில் பழைய பீரோக்கடைக்காரர் கண்ணாடிகளைத் தட்டிக்காட்டி, "முகம் நன்றாகத் தெரியும், மோஷாய்," என்றார். தெரியக்கூடாது என்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்று சீதாராமன் வங்காளியில் விளக்கப்போக, அவர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கூடத்தின் ஒரு கோடியில் சீர்த்தட்டுகள் வைக்கிற சாக்கில் உயரமான மேஜை. அதைச் சுற்றி மூன்று பக்கச் சுவரிலும் ஒரே மஞ்சள் துணி. பக்கங்களில் யாரும் போகாதபடி நிறைகுடங்கள். ஒரு கண்ணாடிக்குக் கீல் வைத்துக் கதவாக்கினார். முனைக்குப் பக்கத்தில், மேஜைக்காலின் நிழலில், பின்பலகையைத் துளைத்து, கண்ணாடி ரசத்தைக் காசளவு சுரண்டி, பார்க்க ஓட்டை. சுப்புலக்ஷ்மி தன் தலைகாணியைக் கொண்டுவந்து உள்ளே போட்டாள்.

எல்லாவற்றையும் யோசித்த சீதாராமன் ஒன்றை யோசிக்கவில்லை. கல்யாண வீட்டில் தரை சும்மா கிடக்காது.

விடியற்காலையில் அவர் ஸ்நானத்துக்குப் போன நேரத்தில் சாவித்ரியும் அடுத்தாத்து விஜயலக்ஷ்மியும் கூடம் முழுக்க மாக்கோலம் போட்டுச் செம்மண் பூசிவிட்டார்கள். மேஜைக்கு முன்னால் பெரிய இழைக்கோலம். அதன் கரை நிறைகுடங்கள்வரை ஓடியது. கண்ணாடிக்கு என்ன தெரியும்? பக்கத்துக் கோலத்தை வாங்கி மேஜைக்கடியில் விரித்துக் காட்டியது.

ஆண்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆபீஸ்காரர்கள் மேஜைக்கடியில் பார்த்தார்கள், வெறும் இடம். சீதாராமனுக்கு நெஞ்சு விம்மியது. உள்ளே ஜகதாம்பாள் உட்கார்ந்து அரைமணியாகிறது.

சம்பந்தியம்மாள் நாகலக்ஷ்மி வந்தாள். கோலத்தில் பிழை கண்டுபிடிக்காமல் அவள் எந்த வீட்டிலும் காப்பி குடித்ததில்லை.

"யாருடி போட்டது? மேஜைக்கடியில இழை பிசகறதே! போன கம்பி போன வழியே திரும்பி வரது. மணப்பொண்ணுக்கு முன்னால இப்படி ஒரு கோலமா?"

"சரியாத்தான் போட்டோம் மாமி," என்றாள் விஜயலக்ஷ்மி.

"என் கண்ணுக்குத் தெரியறதேடி. மாவைக் கொண்டா, நானே திருத்திடறேன்."

மாவில் தோய்ந்த துணியை விரலிடுக்கில் பிடித்துக் குனிந்து, இழையைத் தொடர்ந்துகொண்டே போனாள். விரல் காற்றில் மோதி 'டங்' என்றது.

"என்னது இது? கண்ணாடியா? உள்ள என்ன வெச்சிருக்கேள்?"

சீதாராமன் மணவறையிலிருந்து ஓடிவந்தார். அந்த ஓட்டத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். உள்ளே இருப்பது யார் என்று சொன்னால் இந்த அம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் கல்யாணமும் உட்காரும். சொல்லாவிட்டால்?

"அலங்காரம் மாமி. சும்மா ஒரு வேடிக்கை."

"உள்ளே?"

"உள்ளே... உள்ளே ஒண்ணுமில்லே."

யாருமில்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்றார். அதுவும் நன்றாகக் குரலெடுத்து, கூடத்துக்கே கேட்கும்படி. கண்ணாடியின் ரசம் வெளிச்சத்தைத்தான் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது என்பது பிரசங்கத்துக்குப் போகாதவர்களுக்கும் தெரியும்.

உள்ளேயிருந்து ஒரு அசைவும் இல்லை. அவள் இருமியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கெட்டிமேளம் கொட்டியது. மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த சீதாராமன், தாலி ஏறுகிற நேரத்தில் மேஜைப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். எல்லோரும் அக்ஷதை போட்டார்கள். மேஜைப் பக்கத்திலிருந்து மணல் கொட்டுகிறாற்போல் ஒரு சின்னச் சத்தம் வந்தது. வந்ததா, இல்லை தனக்குத் தோன்றியதா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்திருந்தும் கேட்டுக்கொண்டார்.

பிறகு பெரியவர்களுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தையும் பெண்ணின் புடவைத் தலைப்பையும் சேர்த்து முடிந்திருந்தது. சம்பந்தி லக்ஷ்மிநாராயணனுக்கும் நாகலக்ஷ்மிக்கும் செய்தார்கள். சாவித்ரிக்கும் சீதாராமனுக்கும் செய்தார்கள். அப்புறம் சுப்புலக்ஷ்மி நேரே நடந்தாள். முடிச்சு இழுத்ததால் மாப்பிள்ளையும் நடந்தான். மேஜைக்கு முன்னால் அவள் விழுந்து நமஸ்கரித்தாள். வேறு வழியில்லாமல் அவனும் விழுந்தான்.

"அங்க யாருக்குடி நமஸ்காரம், குழந்தே?" என்றாள் நாகலக்ஷ்மி.

"அத்தைக்கு."



"ஒண்ணுமில்லேன்னேளே, சம்பந்தி?" என்று லக்ஷ்மிநாராயணன் சீதாராமனைக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, ஆபீஸில் கூட்டல் பிசகினால் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

சீதாராமன் மேஜைப் பக்கம் திரும்பினார். ஏதாவது செய்யவேண்டும், உடனே செய்யவேண்டும். போய்க் கண்ணாடிக் கதவை ஒரே இழுப்பில் திறந்தார். அந்தக் கணத்தில் தாம் பெரிய தைரியசாலி என்றுகூட அவருக்குத் தோன்றியது.

ஜகதாம்பாள் சுப்புலக்ஷ்மியின் தலைகாணியின்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அத்தனை கண்களும் ஒரேயடியாக மேலே விழவும் முக்காட்டை இழுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய முழங்காலுக்கு முன்னால், கண்ணாடியின் பின்பக்கத்து மரப்பலகையோரம், மஞ்சள் அரிசி சிதறிக் கிடந்தது. தாலி ஏறும்போது அவளும் போட்டிருக்கிறாள். அது பலகையில் பட்டு அவள் மடிக்கே திரும்பி வந்திருக்கிறது.

"மூடு அண்ணா," என்றாள் மெதுவாக. "வெக்கும்போதும் என்னைக் கேக்கலே. திறக்கும்போதும் கேக்கலே. மூடு."

சீதாராமன் கதவைப் பிடித்தபடி நின்றார். மூடினால் ஒரு பாவம், மூடாவிட்டால் ஒரு பாவம். இந்த நிலைக்கு எந்தப் பிரசங்கத்திலும் வழி சொல்லியிருக்கவில்லை.

சுப்புலக்ஷ்மிதான் குனிந்தாள். பட்டுப்புடவை சரசரக்க மேஜைக்கடியில் நுழைந்து அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்போ மூடுங்கோப்பா," என்றாள்.

மூடினார்.

மறுபடியும் மேஜைக்கடியில் வெறும் இடம். மஞ்சள் துணி, பிசகிய கோலம். ஆனால் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரம் தோளிலிருந்து புறப்பட்டுக் கதவிடுக்கில் போய் மறைந்திருந்தது. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் பெண்டாட்டி எங்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையில் நின்றான். உள்ளே அரிசி பொறுக்கும் சத்தம். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். அங்கவஸ்திரம் விறைத்தது, தளர்ந்தது, மறுபடி விறைத்தது.

நாகலக்ஷ்மி எழுந்து போகவில்லை. மேஜையைப் பார்க்கவும் இல்லை. கையில் காய்ந்துபோன கோலமாவைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சீதாராமனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மூடிப் பிடித்துக்கொண்டு நட்டநடுவில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு மறைப்பும் இல்லாமல் நின்றார். அங்கவஸ்திரம் இடுக்கில் சிக்கியிருந்ததால், கையை எடுத்தால் கதவு திறந்துகொள்ளும். தங்கை தானாகச் சொல்லும்வரை எடுக்கப்போவதில்லை என்று நின்றார்.