ஒரு வருடம் பிந்திய குரல்

லிஃப்ட் மெக்கானிக் இறந்த அன்று காலையில், போன வருடம் அவர் பேசிய பேச்சு ஒன்று சமையலறைக்கு வந்து சேர்ந்து வீட்டில் சண்டையை மூட்டியது. "குடையத் தொலைக்கிறதுக்குன்னே பொறந்தவ நீ. உன் கையில யானையக் குடுத்தாலும் பஸ்ஸுல மறந்து வெச்சுட்டு வந்து நிப்ப" என்றது குரல். பேசிய ஆளோ அப்போது வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். குரல் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். போன வருடம் அவர் அதைச் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோக்கும் மும்முரத்தில் இருந்ததால் அவருடைய உதட்டைக் கவனிக்கவில்லை. அதனால் கோபம் இப்போதுதான் வந்தது, சுடச்சுட வந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உதட்டைப் பார்க்காவிட்டால் அவர் என்ன சொன்னார் என்பது அடுத்த வருடம்தான் தெரியும். கதவருகே நின்று அவர் ஏதோ சொன்னதை ஜன்னல் கண்ணாடியில் நிழலாட்டமாக மட்டும் பார்த்தாள். வாய் அசைந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று சொன்னார்கள்.

குரல் பிந்தத் தொடங்கியது அவர்கள் அந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் நாள். கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது இவர் வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று எண்ணி அதிகாரி முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். புருஷனும் பெண்சாதியும் பெட்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், அங்கே அந்த மேசை முன்னால், "வேலைக்குத்தான் சார் வந்திருக்கேன், லிஃப்ட் வேலை" என்று அவருடைய குரல் தெளிவாகச் சொன்னது. அப்போது மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தவர் ஒரு சுற்றுலாப் பயணி. பாவம், அந்த மனிதரைத் தனி அறைக்கு அழைத்துப்போய் வெகுநேரம் விசாரித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. தொண்டையைப் பரிசோதித்த மருத்துவர் குறை ஒன்றும் இல்லை என்றார். தூரப் பயணத்தில் சிலருக்குப் பெட்டி பிந்தி வரும், உங்களுக்குக் குரல் பிந்தி வருகிறது, பெட்டியாவது தொலைந்து போகும், இது தொலையவில்லையே என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

ஒவ்வொரு முறை விமானம் ஏறி இறங்கியபோதும் குரல் இன்னும் கொஞ்சம் பின்தங்கியது. ரயிலோ பஸ்ஸோ ஒன்றும் செய்யவில்லை. வேலை நிமித்தமாக அந்த நாட்டின் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டிவிட்டு வந்தார், அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆகாயம்தான் ஆகவில்லை. முதல் தடவை ஊருக்குப் போய் வந்ததும், காலையில் சொன்னது மாலையில் வந்தது. இன்னொரு தடவை தாயைப் பார்க்கப் போய்த் திரும்பிய பிறகு வாரக்கணக்கில் ஆனது. மகள் படிக்கப் போன நாட்டிலேயே கல்யாணமும் செய்துகொண்டாள். அதற்குப் போய் வந்த பிறகு தாமதம் ஏறக்குறைய ஒரு வருடத்தில் வந்து நின்றது. இனி விமானத்தைத் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

குரல் அவரைத் தேடிக்கொண்டு வருவதில்லை, பேசிய இடத்துக்கே வந்தது. ஒருமுறை அவர்கள் வீடு மாறினார்கள். சில நாள் கழித்து, பழைய வீட்டுக்குக் குடிவந்த நர்ஸ் இவர்கள் கதவைத் தட்டினாள். "உங்க வீட்டுக்காரர் தினமும் என் சமையலறையில வந்து டீ கேக்கறாரு. சர்க்கரை கம்மியாப் போடுன்னு வேற சொல்றாரு. நான் அவரோட பொண்டாட்டியா, நீங்களா?" என்று கேட்டாள். இவள் மன்னிப்புக் கேட்டாள். நர்ஸ் கோபமாகத்தான் போனாள், ஆனால் அந்தக் குரல் அங்கே வந்து தீரும்வரை தானும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டாளாம். உடம்புக்கு நல்லதாகப் போயிற்று என்று பிறகு கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள்.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். அவசரமானதைக் கையாலும் உதட்டாலும் பேசிக்கொண்டார்கள். சலவைக் கடையில் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. தையல்காரிக்கு இருக்கும் கண் கூர்மையால் உதட்டு அசைவைப் படிக்க நன்றாகவே கற்றுக்கொண்டாள். குரலை அவர் அடுத்த வருடத்துக்காகப் பயன்படுத்தினார். பனிக்காலத்தின் நடுவே யாருமில்லாத கூடத்தைப் பார்த்து, "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தியா இருக்கும், காதை மூடிக்கிட்டுப் போ" என்று வாயசைத்து வைப்பார். மறு வருடம் அதே பருவத்தில் அது வந்து சேரும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். பழைய சண்டைகள் சமாதானமான பிறகு வந்து இறங்கியதுதான் ஒரே தொல்லை. "போன வருஷத்து ஆளு மேல கோவிச்சுக்க, என் மேல ஏன் பாயற?" என்று அவர் உதட்டால் கெஞ்சுவார். "அந்த ஆளும் நீங்கதான், மூஞ்சியக்கூட மாத்திக்கல" என்பாள் அவள்.

அடக்கத்துக்கு மகள் பறந்து வந்தாள். மறுநாள் காலையில் குளியலறைக்குள்ளிருந்து, "துண்டு எங்க? யாராவது குடுங்களேன்" என்று அப்பாவின் குரல் கேட்டது. மகள் தன்னையறியாமல் துண்டை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்று அழுதாள். அழுது முடித்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து அம்மாவைத் தன்னோடு கூப்பிட்டாள்.

"இங்க யாரும்மா இருக்கா உனக்கு? ஊரும் இல்ல, உறவும் இல்ல. கெளம்பு, என்கூட வந்துடு."

"இன்னும் உங்கப்பா பேசி முடிக்கலடி."

"அம்மா, அது வெறும் சத்தம்."

"முப்பது வருஷமா அந்தச் சத்தத்தோடதான குடும்பம் நடத்தினேன்? கதவுகிட்ட நின்னு என்னவோ சொல்லிட்டுப் போனாரு. நான் பாக்கல. அது என்னன்னு கேக்காம நான் எங்கயும் வரமாட்டேன்."

மகள் அதற்குமேல் வற்புறுத்தாமல் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அந்த வருடம் முழுக்க அம்மா அந்த வீட்டில் தனியாகவும் இருந்தாள், இல்லாமலும் இருந்தாள். சாவி எங்கே என்று குரல் கேட்டால், ஆணியில்தான் இருக்கிறது என்று பதில் சொன்னாள். குழாய் ஒழுகுது, சாயங்காலம் பாத்துக்கலாம் என்றது ஒரு நாள். அன்று சாயங்காலம் அவளே திருகுசாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள், ஒழுகத்தான் செய்தது. கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள். சலவைக் கடைக்காரர் அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, தன் சம்சாரத்திடம், "வீட்ல ஆள் காத்துக்கிட்டிருப்பாரு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

நாள் நெருங்கியபோது கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டைவிட்டு நகராமல் இருந்தாள். குரல் ஒன்றிரண்டு நாள் முன்னேயோ பின்னேயோ வரக்கூடும். மகளும் வந்து உட்கார்ந்துகொண்டாள், கையோடு அழைத்துப் போகும் எண்ணத்தில். மூன்றாம் நாள் காலையில், பூட்ஸ் வைக்கும் இடத்துக்கு மேலே, கதவருகே, தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு இந்த முறை திரும்பி நின்றாள்.

"பால் தீந்துபோச்சு. வரும்போது நான் வாங்கிட்டு வரேன்" என்றது குரல்.

அம்மாவும் மகளும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"அவ்வளவுதான்" என்றாள் அவள். முகத்தில் ஏமாற்றமா சிரிப்பா என்று மகளுக்குப் பிடிபடவில்லை. அப்போது வெளியே மாடிப்படியில் யாரோ எதிர்வீட்டுக்காரருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள், அந்த நாட்டு மொழியில், நம்மூர் இழுப்போடு. வீட்டைவிட்டுப் போன பிறகும் அந்த ஆள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பார்? இந்த ஒரு வருடத்தில் அந்த எண்ணம் அவளுக்கு வந்ததே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மகள் கூப்பிட்டது காதில் விழவில்லை.

குரல் அவளுக்கு முன்னால் அவருடைய நடையின் வேகத்தில் போனது. தெருமுனையில் ஒரு நாயை அதட்டியது. அந்த நாய் இப்போது அங்கே இல்லை. நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறியது. அவளும் ஏறினாள். அவளுடைய கடை நடந்து போகும் தூரத்தில் எதிர்த் திசையில் இருந்தது, அதனால் இத்தனை வருடத்தில் அந்த பஸ்ஸில் அவள் கால் வைத்ததில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கை காலியாக இருந்தது. நிற்கிறவர்கள்கூட அதில் உட்காரவில்லை. அவள் எதிர் வரிசையில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டம்மா இன்னிக்கு என் பக்கம் திரும்பவே இல்லப்பா" என்றது காலி இருக்கை.

"ஏன், என்ன செஞ்சீங்க?" என்று ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார். கேட்டுக் கேட்டுப் பழகிய ஆள், பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"குடை விஷயம்" என்றாள் அவள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அந்த வெளியூர் உச்சரிப்பிலேயே ஆளைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல, அடுத்த வருஷம் கேட்டுப்பா. அவ காது எங்க போயிடப் போகுது?" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தது குரல். பின்னால் இருந்த ஒன்றிரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கேட்டீங்களாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"கேட்டேன். வரும்போது பால் வாங்கிட்டு வர்றாராம்."

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் அவளுக்குத் தெரியாது, ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. அங்கே நிறுத்தி, அவள் இறங்கி நடைபாதையில் ஏறும்வரை வண்டியை எடுக்காமல் நின்றார்.

அலுவலகக் கட்டடத்தின் வாசலில், அவரோடு வேலை செய்த நெட்டையன் நின்றுகொண்டிருந்தான். அவர் வைத்த பெயர்தான் அது. வேறு பெயரில் கூப்பிட்டால் அவன் திரும்புவதை விட்டு நெடுநாளாகியிருந்தது. அவனும் மூன்று நாளாகக் காலையில் வந்து காத்திருந்தானாம். அவளை உச்சிக்கு அழைத்துப்போய் மோட்டார் அறையைத் திறந்துவிட்டான். எண்ணெய் மணம் அடிக்கும் சின்ன அறை. நடுவில் மோட்டார், சுவரோரம் ஒரு மரப்பெட்டி. குரல் அவர்களுக்கு முன்பே வந்து வேலையில் இருந்தது. அதைப் பிடி, இதை விடு, கையை எடு தடியா என்றது. உதட்டையும் கையையும் பார்த்துப் போன வருடமே செய்து முடித்த வேலைக்கு, நெட்டையன் இப்போது ஒவ்வொன்றாகத் தலையாட்டினான். வெகுநேரம் அப்படிப் போனது. வேலையில் அவர் இவ்வளவு பொறுமையாகப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஆணி அடிப்பதென்றால்கூட ஊரைக் கூட்டுகிற ஆள்.

பிறகு குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "இப்ப லிஃப்டு மாடித் தரை மட்டத்துல நிக்குதுன்னு நெனைக்கறேன். நீ கீழ போய் ஒவ்வொரு மாடியா பாத்துட்டு வா. அவசரமில்ல. நான் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

"சரிண்ணே" என்றான் நெட்டையன். அவரிடமிருந்து அவன் கற்றுக்கொண்டிருந்த சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. போன வருடம் போலவே எழுந்து கீழே போனான்.

அவள் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று இறங்கும்போது மோட்டார் சுற்றுவதும் ஓய்வதுமாக இருந்தது. வேறு குரல் எதுவும் வரவில்லை. நெட்டையன் மேலே வந்து பார்த்தபோது அவள் அழுது முடித்து முகத்தைத் துடைத்திருந்தாள். எல்லா மாடியும் சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னான். யாரிடமாவது சொல்லத்தானே வேண்டும்.

அதன் பிறகு அவள் மகளோடு விமானம் ஏறினாள். பேரக் குழந்தையைப் பார்த்தாள், ஒரு பருவம் தங்கினாள், பிறகு தன் வேலைக்கே திரும்பி வந்தாள். ஏன் திரும்பினாய் என்று கேட்டவர்களிடம், "அங்க எனக்கு பஸ்ஸு தெரியாது" என்றாள். இறங்கிய அன்று அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, வீட்டுக்கு என்று சொன்னாள். குரல் அவள் வாயிலிருந்து உடனே வந்தது, அதிகாரி முத்திரை குத்தினார். வீட்டில் இப்போது அவள் பேசும் சத்தம் மட்டும்தான். வருடங்கள் போய்விட்டன. அந்த அலுவலகக் கட்டடத்தில் ஆட்கள் மாறினார்கள், சுவருக்கு வேறு வண்ணம் அடித்தார்கள், நெட்டையனும் வேறு ஊருக்குப் போய்விட்டான். அங்கே லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் அதன் தளமும் வெளித் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இதுவரை அங்கே யாருக்கும் கால் தடுக்கியதில்லை.